உங்களுக்குத் தெரியுமா? பிள்ளை, அனாக், மெம்பெலாய்: மலாக்கா மண்ணில் அள்ளிய பிள்ளைச் சொற்கள்!

உங்கள் அடையாள அட்டையை எடுங்கள். பெயரைப் பாருங்கள். நடுவில் 'ஏ/எல்' என்றோ 'ஏ/பி' என்றோ இருக்கிறதா? அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான்! 'அனாக்' என்றால் பிள்ளை. தொண்ணூறு வயதுத் தாத்தாவும் அரசாங்க ஏட்டில் இன்னும் ஒருவருடைய பிள்ளைதான்!

மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் முதலிடம் எதற்கு? மலாக்கா, ஜாலான் துக்காங் எமாஸ், ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். ஆண்டு 1781! உள்ளே இருப்பவர் யார்? பிள்ளையார். 'பிள்ளை'யோடு மரியாதைக்கு ஓர் 'ஆர்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவர் 'மதிப்புக்குரிய குழந்தை'!

மலாய்க் கல்யாணத்தில் மணமக்களை 'மெம்பெலாய்' என்பார்கள். எங்கிருந்து போனது? நம் 'மாப்பிள்ளை'யிலிருந்து! பையனும் மெம்பெலாய், பெண்ணும் மெம்பெலாய். மலாய் வீட்டு மணப்பெண்ணின் பெயரிலும் ஒரு தமிழ்ப் பிள்ளை ஒளிந்திருக்கிறது!

மலாக்கா செட்டிகளைத் தெரியும்தானே? காஜா பேராங்கில் வாழ்பவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது மாரியம்மனை. தமிழ்ப் பேச்சு போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் குடும்பப் பெயரைப் பாருங்கள்: பிள்ளை! மொழி போனாலும் பிள்ளை போகவில்லை!

மலாக்கா அரியணையில் தமிழ்த்தாய் பெற்ற பிள்ளை அமர்ந்த கதை தெரியுமா? ராஜா காசிம். தாய் துன் வத்தி, தமிழ் முஸ்லிம் வணிகர் மணி புரிந்தான் வழி வந்தவர். 1440-களில் அந்தப் பிள்ளை சுல்தான் முசாபர் ஷா ஆனார்!

சுதந்திரத் தேதியைத் துங்கு அப்துல் ரஹ்மான் எங்கே அறிவித்தார்? மலாக்கா, பண்டார் ஹிலிர் திடலில். 20 பிப்ரவரி 1956! அவர் முழுப்பெயரில் ஒரு சொல் 'புத்ரா'. பொருள்? மகன்! புத்ராஜெயா என்ற நிர்வாகத் தலைநகரத்தின் பெயரிலும் ஒரு மகன் இருக்கிறார்!

இனி அசரத் தயாராகுங்கள். இளசுகளுக்குத் தொல்காப்பியம் பட்டியலிடும் பெயர்கள் ஒன்பது! பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இத்தனையில் மனிதக் குழந்தைக்கு எத்தனை? இரண்டே இரண்டு! குழவி, மகவு.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். 'பிள்ளை' அந்தப் பட்டியலில் மனிதருக்கு இல்லை! நாம் இன்று வாய் நிறையக் கூப்பிடும் சொல், அன்று பறவைக்கும் மரத்துக்கும் குரங்குக்கும் போனது!

குரங்குக்கு எத்தனை தெரியுமா? குட்டி, மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு, குழவி. ஆறு! மனிதனுக்கு இரண்டு, குரங்குக்கு ஆறு!

செடிகொடிக்கும் அங்கே இளமைப் பெயர் உண்டு: பிள்ளை, குழவி, கன்று, போத்து. அதனால்தான் இன்றும் தென்னம்பிள்ளை, வாழைக்கன்று! மெர்லிமாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் 'கன்று நடுறோம்' என்கிறவர், அறியாமலே தொல்காப்பியம் பேசுகிறார்!

மலாயாவின் முதல் வணிக ரப்பர்க் கன்றுகள் எங்கே ஊன்றப்பட்டன? சாட்சாத் மலாக்காவில்! டான் சாய் யான் என்ற சீன வணிகர், புக்கிட் லிந்தாங், 1896. இரண்டே ஆண்டில் புக்கிட் அசகானில் ஏறக்குறைய 3,000 ஏக்கர்!

அந்தக் கன்று வளர்ந்து மரமானதும் தோட்டத்துத் தமிழர் என்ன பெயர் வைத்தார்கள்? பால்மரம்! சீவினால் வடிவது பால், தூக்கிச் சுமப்பது பால்வாளி. பசுவுக்கும் கன்று, ரப்பருக்கும் கன்று. இரண்டும் தருவது பால்!

அலோர் காஜா, காஜா பேராங். மலாக்காவில் ஊர்ப்பெயரில் நிற்கும் யானைகள்! யானையின் இளசை நாம் குட்டி என்கிறோம். தொல்காப்பியத்தில் அது கன்று. குழவி என்றும் சொல்லலாம். மனிதக் குழந்தையின் பெயர் யானைக்கும் கிடைத்திருக்கிறது!

அணிலுக்குப் பிள்ளை. கீரிக்குப் பிள்ளை. கிளிக்கும் பிள்ளை. மண்ணைத் தோண்டும் பூச்சிக்குக்கூடப் பிள்ளைப்பூச்சி! எவ்வளவு வயதானாலும் கீரி, கீரிப்பிள்ளைதான்!

'குழந்தை அழுதது' என்கிறோம். ஏன் 'அழுதான்' இல்லை, 'அழுதாள்' இல்லை? மகவு, குழவி இரண்டும் உயர்திணைப் பொருள் தந்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும். தொல்காப்பியச் சட்டம்! இன்று வரை எந்தத் தாயும் அதை மீறவில்லை!

'மக்கள்' என்றால் நமக்கு ஊர் ஜனம். திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்குப் பெயர் மக்கட்பேறு. அங்கே மக்கள் என்றால் பெற்ற பிள்ளைகள்! கன்னடத்தில் இன்றும் 'மக்களு' குழந்தைகள்தான். கன்னியாகுமரிக்காரர் செல்லமாகக் கூப்பிடுவது 'மக்கா'!

தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடு மலையாளி என்றால் அவர்கள் பிள்ளையைக் 'குட்டி' என்பார்கள். எதிர்வீடு தெலுங்கர் என்றால் 'பில்லலு'! நமக்கு ஆட்டுக்கும் பூனைக்கும் போகும் குட்டி, அவர்களுக்கு வீட்டுக் குழந்தை!

யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் பையன் 'பெடியன்', பெண் 'பெட்டை'. தமிழ்நாட்டுத் தெருவில் யாரையாவது 'பெட்டை' என்று கூப்பிட்டுப் பாருங்கள், சண்டைதான்!

'மதலை' என்ற சொல்லுக்கு அகராதி பாருங்கள். குழந்தை என்று ஒரு பொருள். தூண் என்று ஒரு பொருள். கப்பல் என்றும் ஒரு பொருள்! துறைமுக ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

அம்மி தெரியும். அதன் மேல் உருளும் கல்? குழவி! அதாவது குழந்தை. மலாய்க்காரர் சம்பால் இடிக்கும் உலக்கைக்கு என்ன பெயர் தெரியுமா? 'அனாக் லெசோங்', உரலின் பிள்ளை! இரண்டு மொழி, இரண்டு சமையற்கட்டு, அரைப்பது ஒரே பிள்ளை!

'அனாக்' இன்னும் எங்கெங்கே இருக்கிறது பாருங்கள்! பூட்டின் பிள்ளை சாவி: அனாக் குஞ்சி. ஏணியின் பிள்ளை படி: அனாக் தங்கா. வில்லிலிருந்து பறக்கும் அம்பு: அனாக் பானா. கண்ணின் பாவை: அனாக் மாத்தா. கப்பல் சிப்பந்திகள்? அனாக் காப்பால். கப்பலின் பிள்ளைகள்!

டுரியான் துங்கால் வழியாக எத்தனை முறை போயிருப்பீர்கள்? 'துங்கால்' என்றால் ஒற்றை. ஊரின் பெயர் ஒற்றை டுரியான்! வீட்டுக்கு ஒரே பிள்ளையை மலாயில் எப்படிச் சொல்வார்கள்? 'அனாக் துங்கால்'! நம்மூரில் அது ஒத்தைப் பிள்ளை.

முதலில் பிறந்தால் தலைச்சன். கடைசியில் பிறந்தால் கடைக்குட்டி. மலாய்க்காரருக்குக் கடைக்குட்டி 'போங்சு'. எந்த வீட்டிலும் செல்லம் அதிகம் கிடைப்பது இவருக்குத்தான்!

பேரன் என்ற சொல் எப்படி வந்தது? பெயரன்! தாத்தா பெயரைத் தாங்கியவன். அடுத்த தலைமுறை கொள்ளுப்பேரன். அதற்கும் அடுத்தது எள்ளுப்பேரன். முதலில் கொள்ளு, பிறகு எள்ளு. தானியம் சிறுக்கச் சிறுக்க வம்சம் பெருகுகிறது!

பெண்ணின் பருவம் ஏழு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஏழு வயது வரை பேதை, பதினொன்று வரை பெதும்பை. கடைசிப் பருவம் எந்த வயதோடு முடிகிறது? நாற்பது! அதற்கு மேல் இலக்கணத்தில் பெயரே இல்லை!

'சவலைப் பிள்ளை' கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தாய் மறுபடி கருவுற்றதால் பால் கிடைக்காமல் ஏங்கி மெலிந்த குழந்தை. இவ்வளவு பெரிய சோகத்துக்கு மூன்றே எழுத்தில் சொல் வைத்தவர்கள் நம் ஆட்கள்!

குப்புசாமி, பிச்சை, மூக்கன். பழைய தோட்டத்துப் பெயர்களா? பிள்ளை பிறந்து பிறந்து இறந்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்தால் குப்பன், குப்பம்மா! பிச்சையாகக் கேட்டு வாங்கினால் பிச்சை! மூக்குக் குத்தினால் மூக்கன், மூக்காயி! தவிட்டுக்கு விற்று வாங்கினால் தவிட்டுப்பிள்ளை! எமனை ஏமாற்ற வைத்த பெயர்கள் இவை!

விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் அம்மாக்கள் பிள்ளையை எங்கே விட்டார்கள்? ஆயாக்கொட்டாயில்! வரிசையாகத் துணித் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. 'ஆயா' எந்த மொழிச் சொல்? போர்த்துக்கீசியம்! 1511-இல் மலாக்காவைப் பீரங்கியால் பிடித்தவர்களின் சொல், நம் தொட்டிலை ஆட்டியிருக்கிறது!

தோட்டத்தில் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தால் பள்ளிக்கூடம் கட்டாயம்? பத்து! 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் சொன்னது. பத்துப் பிள்ளை பெற்றுத் தந்த பள்ளிகள்! இன்று மலாக்கா மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் எத்தனை? 21!

தெய்வத்தையே குழந்தையாக்கி மடியில் போட்டுக் கொஞ்சத் தமிழில் தனி இலக்கியம்: பிள்ளைத்தமிழ். பருவம் பத்து! காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று போகும். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கச் சோழனையே குழந்தையாக்கிப் பாடினார். நபிகள் நாயகத்துக்கும் பிள்ளைத்தமிழ் உண்டு!

'தாலாட்டு' என்பதில் ஆடுவது எது? தொட்டில் இல்லை, நாக்கு! 'தால்' என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு!

கல்யாண மண்டபத்தில் 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று வாழ்த்துகிறோம். பதினாறு பிள்ளைகள் இல்லை! கல்வி, புகழ், வெற்றி என்று பதினாறு செல்வங்கள். அதில் நன்மக்கள் ஒன்றே ஒன்றுதான்!

கருவுற்றதைத் தமிழ்ப்பெண்கள் நேராகச் சொல்வதே இல்லை. முழுகாமல் இருக்கிறாள். வாயும் வயிறுமாக இருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி. பெற்றதும்? பச்சை உடம்புக்காரி! கண்பட்டுவிடக் கூடாதென்று சொல்லுக்கே திரை போட்டார்கள்!

தத்துப்பிள்ளையை மலாயில் 'அனாக் அங்காட்' என்பார்கள். அங்காட் என்றால் தூக்குவது, எடுப்பது. நாம் என்ன சொல்கிறோம்? 'எடுத்து வளர்த்த பிள்ளை'! இரண்டு மொழியும் ஒரே கையால் தூக்கியிருக்கின்றன!

மலாயாவில் சீனக் கைக்குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பெரும்பாலும் பெண் குழந்தைகள்! முகம் சீனம், பேச்சு தமிழ், நெற்றியில் பொட்டு, தலையில் பூ. ஊரார் கேட்டால் பதில் ஒன்றுதான்: 'எங்க பிள்ளை!'

பொய்யாத விநாயகர் கோயிலை நடத்தும் நகரத்தார், மாசி மகத்துக்கு வெள்ளி ரதத்தைச் செங் சன்னாசிமலைக்கு இழுத்துப் போகிறார்கள். அவர்களிடையே தத்துப்பிள்ளைக்கு என்ன பெயர் தெரியுமா? மஞ்சள்நீர்ப் புத்திரன்! 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய ஏழு தொகுதி நூலில் எழுதி வைத்தார். ஒரு வாய் மஞ்சள்நீர், பிள்ளை இந்த வீட்டுக்குச் சொந்தம்!

முஸ்லிம் அல்லாதவர் இங்கே சட்டப்படி தத்தெடுப்பது எந்தச் சட்டத்தில்? தத்தெடுப்புச் சட்டம், 1952. நாடு சுதந்திரம் அடையும் முன்பே பிள்ளைக்கு வீடு கிடைத்துவிட்டது!

இப்போது பிள்ளையில்லாச் சொற்கள். கல்யாணமாகி மூன்று மாதம் ஆனதும் அத்தைகள் கேட்பது என்ன? 'ஏதும் விசேஷம் உண்டா?' தமிழ்நாட்டுக் கிராமத்தில் இன்னும் மோசம்: 'வயித்துல புழு பூச்சி உண்டா?' குழந்தை வரும் முன்பே அதற்குப் புழுப் பட்டம்!

'மலடு' எதையெல்லாம் சுட்டுகிறது என்று பாருங்கள். விளையாத நிலம், சினைப்படாத மாடு, காய்க்காத மரம். தமிழ்நாட்டில் ஓர் ஆற்றுக்கே மலட்டாறு என்று பெயர்! அதைத் தூக்கிப் பெண்ணின் மேலும் வைத்தார்கள்!

ஒரு பிள்ளை பெற்றும் 'மலடு' பட்டம் வாங்கலாம், தெரியுமா? அதற்குப் பெயர் கதலிமலடு! வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். அதுபோல ஒரு பிள்ளையோடு நின்றவளுக்கு அகராதியில் இப்படி ஓர் இடம்! இன்று வீட்டுக்கு ஒரு பிள்ளை போதும் என்கிற நம்மில் பாதிப்பேர் கதலிமலடுதான்!

மதுரை வந்திக் கிழவி கதை தெரியுமல்லவா? வைகை வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும். அவளுக்குப் பிள்ளை இல்லை. சிவனே கூலியாளாக வந்து புட்டு வாங்கித் தின்று பிரம்படியும் பட்டார். 'வந்தி' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மலடி! ஊர் ஒதுக்கிய சொல்லையே பெயராகக் கொண்டவளுக்காகக் கடவுள் கூடை சுமந்திருக்கிறார்!

காரைக்கால் அம்மையாருக்குக் குழந்தை கிடையாது. ஆனால் சிவன் அவரை எப்படிக் கூப்பிட்டார்? 'அம்மையே!' விட்டுப்போன கணவன் வேறு மணம் செய்து பெற்ற மகளுக்கு வைத்த பெயர் என்ன? புனிதவதி, அம்மையாரின் சொந்தப் பெயர்!

கண்ணகி பெற்ற பிள்ளை யார்? யாருமில்லை! ஆனால் இலங்கையின் கிழக்குக் கரையில் இன்றும் ஊரே அவளைக் கண்ணகி அம்மன் என்கிறது!

ஔவையாருக்குப் பிள்ளை உண்டா? கதையில் கிடையாது. ஆனால் தமிழ்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் பாட்டி! ஆத்திசூடி 109 வரி. மெர்லிமாவிலும் ஜாசினிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தப் பாட்டி சொல்லிக் கேட்கிறார்கள்!

கர்நாடகத்துச் சாலுமரத திம்மக்கா. குழந்தை இல்லை என்று ஊர் பேசியது. சாலையோரம் ஆலங்கன்று நட்டார், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். எத்தனை ஆலமரம்? 385! 2019-இல் பத்மஸ்ரீ! மரத்தைப் பிள்ளை என்ற தொல்காப்பியம் எவ்வளவு சரி!

பிள்ளையில்லாத் தம்பதியின் வலியை ஒரு தமிழ் நாவல் உலகத்துக்கே சொன்னது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்', 2010. அதில் காளியையும் பொன்னாவையும் துரத்துவது வறுமை இல்லை, நோய் இல்லை. ஊர் வாயில் வரும் சொற்கள்!

தைப்பூசத்தில் கரும்புத் தொட்டில் பார்த்திருப்பீர்கள். வேண்டிப் பெற்ற பிள்ளையை மஞ்சள் துணியில் கிடத்தி, கரும்பில் கட்டி, அப்பாவும் அம்மாவும் தோளில் சுமந்து வருவார்கள். பிள்ளைக்கலி தீர்ந்தது என்று ஊருக்கே அறிவிப்பு!

'சோதனைக்குழாய்க் குழந்தை' என்கிறோமே, அந்தக் கரு சோதனைக்குழாயில் உருவாவதே இல்லை! தட்டையான கண்ணாடித் தட்டில்தான் உருவாகிறது. இப்படிப் பிறந்த உலகின் முதல் குழந்தை 25 ஜூலை 1978, இங்கிலாந்து. அடுத்தது அதே ஆண்டு அக்டோபரில், எங்கே? நம் கல்கத்தாவில்!

மலேசிய அரசின் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 1966-இல் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் தொடங்கியது, இன்று பிள்ளை வேண்டுவோருக்கும் சிகிச்சை தருகிறது! 1970-இல் மலேசியப் பெண்ணுக்குச் சராசரி 4.9 பிள்ளைகள். 2022-இல்? 1.6!

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்ன கணக்கு: ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் கருவளச் சிக்கல் வருகிறது. ஆறில் ஒன்று! உங்கள் கல்யாண மண்டபத்தில் 600 பேர் என்றால் 100 பேர்!

இன்னொன்றையும் கேளுங்கள். பிள்ளை தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. பாதி! 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது. கடைசியாக எப்போது அதைக் கேட்டீர்கள்? ஊர் வாய்க்கு 'மலடி' மட்டும்தான் பழக்கம்!

நல்ல சொல் இல்லாமலா போய்விட்டது? குழந்தையின்மை இருக்கிறது. மகப்பேறின்மை இருக்கிறது. கருவளக் குறைபாடு இருக்கிறது. மூன்றிலும் யார் மேலும் பழி இல்லை!

குழந்தைக்குக் குழவி, மகவு, சேய், மதலை, மழலை என்று அடுக்கிக்கொண்டே போகிற பணக்கார மொழி நம்முடையது. அதில் ஒரு சொல் குறைந்தால் ஒன்றும் நஷ்டமில்லை. அடுத்த கல்யாணத்தில், அடுத்த தீபாவளிக்கு, புதுத் தம்பதியைப் பார்த்தால் 'விசேஷம் உண்டா' என்று கேட்காதீர்கள். 'சாப்பிட்டீங்களா' என்று கேளுங்கள். 'மலடி' என்ற சொல்லை இன்றோடு வீட்டுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். அது நிலத்துக்குச் சொல்லும் சொல், மனுஷிக்கு வேண்டாம்!